இருந்தது இருந்தபடி

வழி கேட்டதற்கு
ஓர்ஃபெலினா ஒரு தாள் அனுப்பினாள்.
ஊர்ப்பெயர் எதுவும் அதில் இல்லை.
படகுத்துறை. பிறகு கப்பிச் சாலை.
பாலம் இருந்த இடத்தில் இடப்பக்கம் திரும்பவும்.
ஏழு படல். திறந்தது திறந்தபடி, மூடியது மூடியபடி
விட்டு வரவும்.

இருக்கிற பாலம் என்றால் சரி.
இருந்த பாலத்தை எங்கே போய்த் தேட?
ரென்சோ மூன்று முறை இறங்கி
ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தான்.
நான்காம் முறை தெரிந்தது,
மேலே சுமக்க ஒன்றுமில்லாமல்
தண்ணீரில் நின்ற இரண்டு மரத்தூண்கள்.

முதல் படல் இரும்பு, சங்கிலியோடு.
இரண்டாவது கம்பியில் கோத்த நாலு கழி,
அவிழ்த்தால் விறகு, கட்டினால் கதவு.
மூன்றாவதில் ஒரு மாடு
சீட்டுக் கேட்கும் கண்டக்டர் மாதிரி வழிமறித்தது.
ஒவ்வொன்றுக்கும் நான் இறங்கினேன்,
வண்டி உள்ளே போனது,
கட்டிவிட்டு ஓடினேன்.
படகோனியக் காற்று என் தொப்பியைப் பிடுங்கி
அர்ஜென்டினாப் பக்கம் அனுப்பியது.

நான்காவது படலில் சண்டை.
பெரிய சண்டை இல்லை,
டீசல் பற்றி, பிறகு அவன் அக்கா பற்றி.

போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பதரை,
மலைக்கு மேல் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது.
பயணம் எப்படி என்று அவள் கேட்கவில்லை.
எத்தனை எண்ணினீர்கள் என்றாள்.
ஆறு என்றேன் நான்.
ஏழு என்றான் ரென்சோ.
அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு
சுரைக்குடுவையில் மாத்தே ஊற்றினாள்.
எல்லோருக்கும் ஒரே உறிஞ்சுகுழல், ஒரே கசப்பு.

அவள் தம்பி எலெயோதோரோ
ரேடியோவுக்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான்.
இங்கே செய்திக்குப் பின் சேதி வாசிக்கிறார்கள்:
மேல் பள்ளத்தாக்கு செகுந்தோவுக்கு,
வியாழன் வரவில்லை, குதிரை அனுப்பாதே.
துரான் வீட்டாருக்கு,
அறுவை நல்லபடி முடிந்தது, பன்றிக்குத் தீனி போடவும்.
யாருக்கு வந்தாலும் எல்லோரும் கேட்கிறார்கள்.

ஐந்து கம்பளிக்குக் கீழே படுத்துக்கொண்டு
நான்காவதை நினைத்தேன்.
கழியைத் தூக்கியது கைக்கு ஞாபகம் இருந்தது.
திரும்பக் கட்டியதா?
கையைக் கேட்டால் கை சொல்லவில்லை.
ரென்சோவைக் கேட்டால்
தூங்குவதுபோல் மூச்சு விட்டான்.

விடிந்தால் ஓட்ஸ் வயலில்
நாற்பத்தொரு செம்மறி,
பந்திக்கு முந்திவிட்ட முகத்தோடு.

ஓர்ஃபெலினா வையவில்லை.
என் காலைவிட இரண்டு அளவு பெரிய பூட்ஸை
வாசலில் வைத்தாள்.
நாயின் பெயர் மினிஸ்ட்ரோ, மந்திரி என்று அர்த்தம்.
"ஒன்றும் செய்யாது, முன்னால் மட்டும் நடக்கும்,
அதனால்தான் அந்தப் பெயர்" என்றாள்.

சுற்றிப் பார்க்கத்தான் வந்தோம்.
ஆடுகள்தான் சுற்றிக் காட்டின.
அவை இறங்கிய சதுப்பில் நாங்களும் இறங்கினோம்.
அவை ஒதுங்கிய லெங்கா மரங்களுக்கு அப்பால்
தாளில் வரையாத ஒரு ஏரி
யாரும் எட்டிப் பார்க்காத நிறத்தில் கிடந்தது.
கலஃபாத்தே பழம் தின்று நாக்கு நீலமானது,
ரென்சோவுக்குப் பல்லும்.
காற்று ஒரு நிமிடம் நின்றபோது
செம்மறி புல் கடிக்கும் சத்தம்
நாற்பது இடத்தில் கேட்டது.

நாற்பது.
அவள் இரண்டிரண்டாக எண்ணி
ஒற்றை விரலை நீட்டினாள்.
அதே கலஃபாத்தே முள்ளில், பின்பக்கம்,
கம்பளி சிக்கிக் கிடந்தது ஒன்று.
கணக்குப் புத்தகம் தவிர எதையும் தூக்காத ரென்சோ
அதை மார்போடு அணைத்துத் தூக்கினான்.
அது அவன் சட்டையில் மூத்திரம் பெய்தது.
நேற்றிலிருந்து முதன்முறையாக
இருவரும் சிரித்தோம்.

மூன்றாம் நாள் கிளம்பும்போது கேட்டேன்:
நான்காவது படல், நாங்கள்தானே?
ஓர்ஃபெலினா தம்பியைப் பார்த்தாள்.
எலெயோதோரோ ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தான்.

ஏழு, ஆறு, ஐந்து என்று
தலைகீழாக எண்ணிக்கொண்டு இறங்கினோம்.
நான்காவதில் இருவருமே இறங்கினோம்,
மழையில், சாட்சிக்கு ஆள் வேண்டுமே என்று.

அது பாதி திறந்திருந்தது.

வண்டியை ஒரு விரல் இடைவெளியில் நுழைத்து வெளியேறி
நின்று யோசித்தோம்,
பாதியை எப்படிப் பாதியாக விட்டு வருவது என்று.